கார்பன் எஃகுக் கத்திக்கு எந்த எண்ணெய்? ஓர் அலசல்

கையால் அடித்த கார்பன் எஃகுக் கத்தியை வாங்கியதும் எல்லோரும் கேட்பது, "என்ன எண்ணெய் தடவணும்?" என்றுதான். அதற்கு முன்னால் ஒன்று: எண்ணெய் காய்ந்த கத்தியைத்தான் காக்கும். ஈரத்தின் மேல் தடவினால் ஈரம் அடியிலேயே தங்கி, துரு அங்கிருந்தே கிளம்பும். துருப்பிடிக்கா எஃகில் குறைந்தது 10.5 சதவீதம் குரோமியம் இருப்பதால் அது தனக்குத் தானே காப்புப் படலம் போட்டுக்கொள்ளும். 1095 எனப்படும் கார்பன் எஃகு வகையில் கார்பன் சுமார் 0.95 சதவீதம், குரோமியம் சேர்ப்பதில்லை. ஆகவே வெட்டி முடித்த கையோடு கழுவித் துடைப்பதுதான் முதல் காப்பு. தினமும் புழங்கும் கத்திக்கு அதுவே பெரும்பாலும் போதும்.

சில நாள் எடுக்காமல் வைக்கும் கத்திக்குத்தான் எண்ணெய்ப் பேச்சே. என் ஓட்டு லிக்விட் பாரஃபினுக்கு, அதாவது உண்ணத்தகு தர மினரல் எண்ணெய்க்கு. மணமில்லை, சுவையில்லை, எத்தனை மாதமானாலும் சிக்கு வாடை வராது. குறை என்றால், நீர்த்தது. கை பட்டாலே போய்விடும், அடிக்கடி தடவ வேண்டும். தையல் மெஷின் எண்ணெயும் இதே குடும்பம்தான், ஆனால் உணவில் படும் கத்திக்கு வேண்டாம்.

கமீலியா செடியின் விதையிலிருந்து எடுக்கும் எண்ணெய்க்கு ஜப்பானிய வாள், தச்சுக்கருவிப் பராமரிப்பின் பெருமை உண்டு. அதில் பெரும்பங்கு ஒலியிக் அமிலம் என்பதால் பிசுக்காகாமல் நாள் தாங்கும். நல்ல எண்ணெய்தான். ஆனால் சமையலறைக் கத்தியில் பாரஃபினைவிட மேலாக அது செய்வதாக எனக்குத் தெரிந்து ஒன்றுமில்லை. அந்தப் பெயரில் வரும் சில புட்டிகளில் இருப்பதும் பெரும்பாலும் மினரல் எண்ணெயே. லேபிளைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

சமையல் எண்ணெய்களை ஒரே தட்டில் வைக்கக் கூடாது. காற்றோடு வினைபுரிந்து இறுகும் வேகத்தை அயோடின் மதிப்பு என்ற எண் காட்டிக்கொடுக்கும்; எண் கூடினால் இறுகும் வேகமும் கூடும். தேங்காய் எண்ணெய்க்கு அது சுமார் 10க்குள், நல்லெண்ணெய்க்கு 100க்கு மேல், ஆளிவிதை எண்ணெய்க்கு 170ஐத் தாண்டும். வாரம் ஒருமுறையாவது எடுக்கும் கத்திக்குத் தேங்காய் எண்ணெய் தாராளமாகப் போதும். 24 டிகிரிக்குக் கீழே உறைந்தாலும் பாதகமில்லை. சூரியகாந்தி, சோயா எண்ணெய்கள் மஞ்சள் பிசினாகி ஒட்டிக்கொள்ளும். ஆளிவிதை எண்ணெய் அலகுக்கு ஆகாது, மரப்பிடிக்கு அருமை. தடவிய துணியைச் சுருட்டிப் போடாதீர்கள்; தானே சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயவிடுங்கள்.

மாதக்கணக்கில் பெட்டிக்குள் போகும் கத்திக்குப் பாரஃபினோடு தேன்மெழுகு உருக்கிக் கலந்த களிம்பு எண்ணெயை வென்றுவிடும், வழியாதே.

வார்ப்பிரும்புச் சட்டியைப் போல எண்ணெய் பூசி அடுப்பில் பழக்கலாம் என்று சிலர் சொல்வதை மட்டும் கேட்காதீர்கள். சட்டியைப் பழக்க 200 டிகிரிக்கு மேல் சூடு தேவை. கடினமாக்கிய கார்பன் கத்தி நொறுங்காமலிருக்கக் கொல்லர் மிதமாகச் சூடேற்றிப் பதப்படுத்துவதும் ஏறக்குறைய 150 முதல் 250 டிகிரிக்குள்தான். பதப்படுத்திய சூட்டைத் தாண்டினால் வாயின், அதாவது வெட்டும் விளிம்பின், கடினம் இறங்கிவிடும். பிறகு தீட்டத் தீட்டக் கூர் நிற்காது.

அடுத்த சண்டை கருமைப் படலம். புழங்கப் புழங்கச் சாம்பலும் நீலமுமாகத் தானாக ஏறுவது ஒருவகை. வினிகர் தடவி ஒரே மூச்சில் கறுக்க வைப்பது இன்னொன்று. செந்துரு உதிர்ந்து அடி எஃகைத் தின்றுகொண்டே போகும். இந்தப் படலம் ஒட்டி நின்று அதைத் தாமதப்படுத்தும். முழுக்கத் தடுக்காது. வினிகர் வழியில் சௌகரியம், புதுக்கத்தி வெங்காயத்தைக் கறுக்கச் செய்வது உடனே குறையும். பதிலுக்கு அமிலம் வாயையும் கொஞ்சம் அரித்துவிடும், கடைசியில் ஒருமுறை தீட்டியாக வேண்டும். அவசரமில்லாதவருக்கு நான் சொல்வது இயல்பான படலம். செம்புள்ளி தட்டினால் சமையல் சோடாவைக் குழைத்துத் தேய்த்தால் போகும். கருமையைச் சுரண்ட வேண்டாம்.

உறை விஷயத்தில் எனக்கு இரண்டாம் பேச்சே இல்லை. தோலுறை தூக்கிக்கொண்டு போக மட்டும். தோல் ஈரத்தை இழுத்து வைக்கும். பதனிட்ட உப்புகளும் எஃகைக் கடிக்கும். வீட்டில் வைக்க மர உறையோ, காற்றோட்டமுள்ள மரத் தாங்கியோதான்.