புக்கிட் தீமாவா, மெக்ரிட்சியா, சுங்கை பூலோவா? யாரோடு போகிறீர்கள் என்று முதலில் சொல்லுங்கள்

ஊரிலிருந்து யாராவது வந்துவிட்டால் போதும், "காட்டுக்குள்ளே கொஞ்சம் நடக்கணும், எங்கே கூட்டிட்டுப் போகலாம்?" என்று உடனே ஒரு கேள்வி வரும். சிங்கப்பூரில் சட்டப்படி பாதுகாக்கப்பட்ட இயற்கை வனப்பகுதிகள் நான்கு. அதில் லாப்ரடார் கடலோரத்தில் சின்ன உலா, அதை விட்டுவிடுகிறேன். மற்ற மூன்றில் எது என்பது வருகிறவரின் வயதையும் முழங்காலையும் பொறுத்தது. நான் இதை அம்மாவை வைத்துத்தான் கற்றுக்கொண்டேன்.

புக்கிட் தீமா 163.63 மீட்டர். தீவிலேயே உயரமான இயற்கைக் குன்று என்றாலும் எண்ணைப் பார்த்தால் ஒன்றுமே இல்லை போலத் தோன்றும், திருச்சி மலைக்கோட்டை ஏறிய அம்மாவுக்கு இது எம்மாத்திரம் என்று நானும் நினைத்தேன். பியூட்டி வோர்ல்ட் எம்ஆர்டி ரயில் நிலையத்தில் இறங்கி, பார்வையாளர் நிலையம் தாண்டி, தார்ச்சாலை வழியாக உச்சிக்கு 1.2 கிலோமீட்டர்தான். ஆனால் அந்தத் தார்ச்சாலை தொடக்கத்திலேயே நெஞ்சு வாங்கும் அளவுக்குச் செங்குத்து. அம்மா நின்று நின்று ஏறிவிட்டார். உயரம் எழுதிய பாறை முன்னால் நின்று படமும் எடுத்துக்கொண்டார். இறங்கும்போது படிக்கட்டு வழியைப் பிடித்தோம், அதுதான் தப்பு. படிகள் ஒரே உயரத்தில் இல்லை, முதல்நாள் மழையில் ஈரம் வேறு. பாதி வழியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, "கண்ணு, கால் நடுங்குதுடா" என்றார். அன்று முழுக்க அந்த முகம் என் மனசை விட்டுப் போகவில்லை.

அதற்காகப் புக்கிட் தீமாவை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன், எனக்கு மூன்றிலும் பிடித்த காடு அதுதான். 1854இல் இயற்கை ஆய்வாளர் ஆல்ஃபிரட் வாலஸ் வந்து வண்டு வண்டாகச் சேகரித்த குன்று அது. செராயா மரத்தடியில் நின்று அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கும், உச்சி தெரியாது. சீரமைப்புக்காக 2014இல் மூடி 2016இல்தான் முழுதாகத் திறந்தார்கள், காத்திருந்தது வீண் போகவில்லை. ஆனால் உச்சியிலிருந்து ஊர் முழுக்கத் தெரியும் என்று நினைத்துப் போகாதீர்கள், சுற்றிலும் மரம்தான். நல்ல முழங்கால் உள்ளவர், ஒன்றரை மணி நேரத்தில் நன்றாக வியர்க்க வேண்டும் என்பவர், இமயமலைப் பயணத்துக்கு முன் முதுகில் பாரம் ஏற்றிப் பழகுகிறவர், இவர்களுக்கு இதைவிட நல்ல இடம் இங்கே கிடையாது. காலை 7 மணிக்கே போய்விட்டு, இறங்கி வந்து பசியாறலாம். போகும்போது எந்த வழியில் ஏறினாலும், பெரியவர்கள் கூட இருந்தால் இறங்குவது தார்ச்சாலையாகவே இருக்கட்டும்.

மத்திய நீர்ப்பிடிப்பு வனப்பகுதியில், நீர்த்தேக்கத்தைச் சுற்றியுள்ள மெக்ரிட்சி இதற்கு நேர் எதிர். ஏற்றம் கம்மி, தூரம் அதிகம். எல்லாரும் கேட்பது ட்ரீடாப் வாக்கைத்தான்: இரண்டு குன்றுகளுக்கு நடுவே 250 மீட்டர் தொங்குபாலம், சில இடங்களில் தரையிலிருந்து 25 மீட்டர் உயரம். லேசாக ஆடும், முன்னால் போகிறவரின் காலடி நம் உள்ளங்காலில் தெரியும். குனிந்தால் மர உச்சிகள், அவ்வளவு பக்கத்தில் காட்டின் கூரையைப் பார்க்கலாம். இதில் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு. பாலம் ஒருவழி. நடுவில் பயம் வந்தாலும், குழந்தை அழுதாலும் திரும்பி வர முடியாது, பாலம் முடிந்த பிறகும் மேலும் கீழுமாக நிறையப் படிகள் இருக்கின்றன, பலர் களைத்துப் போவது அங்கேதான். நீர்த்தேக்கப் பூங்கா வாசலிலிருந்து பாலம் வரை 4.5 கிலோமீட்டர், வீனஸ் டிரைவ் பக்கமிருந்து 2.5. முழுச் சுற்று 10, 11 கிலோமீட்டர் ஆகிவிடும், நான்கு மணி நேரம் ஒதுக்குங்கள். பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளோடு என்றால் வீனஸ் டிரைவ் வழியைத்தான் சொல்வேன். திங்கட்கிழமை பொது விடுமுறையாக இல்லாவிட்டால் பாலம் மூடியிருக்கும், மற்ற நாட்களில் மாலை 5 மணி வரைதான்.

பாலம் வேண்டாம், தண்ணீரோரம் பலகைப் பாதையில் மெதுவாக நடந்தால் போதும் என்றால் அதற்கும் மெக்ரிட்சிதான். 1868இல் கட்டி முடித்த நீர்த்தேக்கம், காலை வெயில் அதன்மேல் விழும் நேரம் ரொம்ப அழகு.

குரங்கு இரண்டு இடத்திலும் உண்டு. பிளாஸ்டிக் பை சரசரத்தால் சாப்பாடு என்று நினைத்து வந்துவிடும், எல்லாவற்றையும் முதுகுப்பைக்குள் போட்டு மூடிவிடுங்கள். தீனி போடவே கூடாது, முதல்முறைக்கே 5,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை அபராதம் என்பது இருக்கட்டும், மனிதரிடம் பிடுங்கித் தின்னப் பழகிய குரங்கின் கதை நல்லபடி முடிவதில்லை.

சரி, அம்மாவுக்கு எது ஒத்துவந்தது? சுங்கை பூலோ சதுப்புநிலம். மறுமுறை வந்தபோது கிராஞ்சி எம்ஆர்டியிலிருந்து 925 பஸ் பிடித்து அங்கே போனோம். சமதரை, அங்கங்கே உட்கார இடம், அலையாத்தி மரங்களுக்கு நடுவே பலகைப் பாதை. பறவைப் பாதை 2 கிலோமீட்டர்கூட வராது. பெரிய பாலத்தில் நின்று கீழே ஒரு கட்டை மிதக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தோம், அது கண்ணைத் திறந்தது. முதலை! அம்மா என் கையை இறுக்கிப் பிடித்தவர் பத்து நிமிடம் அந்த இடத்தை விட்டு நகரவே இல்லை. உடும்பும், சேற்றில் துள்ளும் மீனும் போனஸ். காடு என்றால் உயர்ந்த மரமும் இருட்டும்தான் என்பவர்களுக்கு இது ஏமாற்றமாக இருக்கும், வெயிலும் நேரே தலையில் இறங்கும், கொசு மருந்து கட்டாயம். ஆனால் செப்டம்பரிலிருந்து மார்ச் வரை வடக்கே இருந்து வலசை வரும் பறவைகளுக்காகவே போகலாம். போகிற நாளின் கடல் ஏற்ற நேரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்: ஏற்றத்தில் வெளியே உள்ள சேற்றுநிலம் மூழ்கிவிடுவதால் பறவைகள் உள்குளங்களுக்கு வந்து கூட்டமாக நிற்கும், மறைவிடத்தில் சத்தமில்லாமல் உட்கார்ந்தால் கண்ணாலேயே எண்ணலாம்.