மஞ்சளா, வெள்ளையா: களிமண் வாசலில் ஆப்பிரிக்க ஐரிஸ்

ஆப்பிரிக்க ஐரிஸில் வெள்ளைப் பூ பூக்கும் வகையான டயட்டீஸ் கிராண்டிஃப்ளோரா வேண்டும் என்றுதான் வாங்கப் போனேன். நர்சரியில் "எல்லாம் ஐரிஸ்தான்" என்று கொடுத்த நான்கு தொட்டிகளில் இரண்டு மஞ்சளாகப் பூத்தன. அது டயட்டீஸ் பைகலர். அன்றைக்கு எரிச்சலாக இருந்தது. இப்போது யாராவது கேட்டால் மஞ்சளைத்தான் சொல்கிறேன்.

முதலில், அது ஐரிஸ்தானா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பூ இல்லாதபோது ஸ்பைடர் லில்லி என்று நினைத்து விடுகிறார்கள். அடியைக் கிளறினால் தெரியும்: லில்லிக்கு வெங்காயம் மாதிரி இருக்கும், ஐரிஸுக்கு இஞ்சிக் கிழங்கு போலப் பக்கவாட்டில் ஓடும். இலைகளும் விசிறி மாதிரி தட்டையாக அடுக்கி நிற்கும். அப்புறம் இரண்டு ஐரிஸுக்குள் வித்தியாசம்: மஞ்சளின் இலை ஒடுக்கம், வெளிர்பச்சை, நடுவில் இரட்டை நரம்பு ஓடும். வெள்ளையின் இலை அகலம், கரும்பச்சை.

பூவைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். மஞ்சள் பூவில் கரும்பழுப்புப் பொட்டு; ஒரே நாளில் சுருங்கிவிடும், மறுநாள் வேறொன்று விரியும். வெள்ளையின் நடுவில் ஊதா. ஒரு பூ மூன்று நாள்கூட நிற்கும். அழகுக்கு மட்டும் மார்க் போடச் சொன்னால் வெள்ளைதான்.

ஆனால் நாம் இருப்பது மன்னார்குடிப் பக்கம். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் களிமண் என்ன செய்யும் என்று தெரியும். வடிகால் தண்ணீர் எதிரேறி எங்கள் வாசலில் நான்கு நாள் நின்றது. வெள்ளையில் ஒன்று அடி கொழகொழவென்று அழுகி, இலையைப் பிடித்து இழுத்ததும் கையோடு வந்துவிட்டது. மஞ்சள் இரண்டுக்கும் இலையில் சேறு அப்பியதோடு சரி. இரண்டும் தென்னாப்பிரிக்கச் செடிகள்தான். ஆனால் மஞ்சள், அங்கே கிழக்கு கேப் பகுதியில் ஓடைக்கரையிலும் சதுப்பு ஓரத்திலும் வளர்வது. வெள்ளைக்கு ஊர் காட்டோரமும் சரிவும். தண்ணீர் வடியும் இடம் அது.

மிஞ்சிய வெள்ளைச் செடிக்காக மாமரத்தின் கிழக்கே ஒரு அடி உயரத்துக்கு மேடு போட்டேன்: செங்கல் சில்லு, மணல், தொழுவுரம். செடி பிழைத்தது. ஆனால் ஒவ்வொரு மழைக்கும் மேடு கரைகிறது, தையில் மறுபடி கொத்தி அணைக்க வேண்டியிருக்கிறது. மணல் விற்கிற விலையில் ஒரு பூச்செடிக்கு இவ்வளவு உபசாரமா என்று வீட்டில் கேட்கிறார்கள். மஞ்சளுக்கு நட்ட அன்று போட்ட தொழுவுரத்தோடு என் வேலை முடிந்தது. சித்திரை வெயிலில் மட்டும் இரண்டுக்கும் இலை நுனி கருகும். வாரம் இரண்டு முறை தண்ணீர் விட்டால் தாங்கிக்கொள்ளும்.

வெள்ளையில் இன்னொரு தொல்லை, பூத்து முடிந்த தண்டை வெட்டக் கூடாது. அதே தண்டில்தான் திரும்பவும் பூக்கும். தீபாவளிக்கு வாசலைச் சுத்தம் செய்த அண்ணி, காய்ந்த குச்சி என்று எல்லாவற்றையும் நறுக்கிவிட்டார். யாரைச் சொல்வது? மஞ்சளில் காய்ந்த தண்டுகளை நானே வெட்டியிருக்கிறேன். பூ ஒன்றும் குறையவில்லை.

நான் பார்த்தது இரண்டு மழைக்காலம்தான், அழுகியதும் ஒரே செடி. கொள்ளிடக் கரையில் மணற்பாங்கான மண் உள்ளவர்கள் இதைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். அங்கே வீடு இருந்தால் நானும் வெள்ளையைத்தான் வைத்திருப்பேன்.

போன தையில் கொத்தைப் பிரித்தபோது எதிர்வீட்டு அக்கா வெள்ளைதான் வேண்டும் என்றார். மஞ்சளில் மூன்று விசிறி பிரித்துக் கொடுத்தேன். அவர் வாசல் எங்களுடையதைவிட அரை அடி பள்ளம்.