பழைய காருக்கு வீட்டிலேயே ஏசி சர்வீஸ்: கேஜ் செட்டும் வேக்குவம் பம்பும் வாங்கலாமா?

திருவான்மியூர் நண்பர் ஒருவர் தன் பழைய காருக்காகக் கேட்ட கேள்வி இது. என்னிடம் இரண்டும் சில வருடங்களாக இருக்கின்றன. என் வண்டி 2005 மாடல். போனில் சொன்னால் பாதி விட்டுப்போகும் என்பதால் எழுதிவிடுகிறேன்.

ஏசி குழாய்களில் கேஸின் அழுத்தத்தை இரண்டு முள்ளில் காட்டும் கேஜ் செட் எனக்கு அதிகம் உதவியது, கேஸ் ஏற்ற வேண்டாம் என்று முடிவு செய்யத்தான். கூலிங் இல்லை என்று எங்கே நிறுத்தினாலும் "கேஸ் கம்மி சார், டாப்-அப் பண்ணிடலாம்" என்ற ஒரே வைத்தியம். பாதி இடங்களில் கேஜையே மாட்டிப் பார்ப்பதில்லை. ஆர்134ஏ என்ற ஏசி கேஸ் போடும் வண்டியில், நம் ஊர் வெயிலில், லோ சைடு (குறைந்த அழுத்தப் பக்கம்) 35–45 பிஎஸ்ஐ, ஹை சைடு (அதிக அழுத்தப் பக்கம்) 200–250 என்று நின்றால் பெரும்பாலும் பிரச்சினை இல்லை. இரண்டு முள்ளும் தாழ்ந்திருந்தால் கேஸ் குறைவு. இரண்டும் ஏறி நின்றால், ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கும் கண்டன்சரில் சூடு வெளியேறவில்லை என்று சந்தேகப்பட வேண்டும். அதற்கு மேலும் கேஸ் ஏற்றினால் கம்ப்ரசருக்குத்தான் கேடு.

என் வண்டி ஈசிஆரில் ஓடும்போது ஜில்லென்று இருக்கும். டைடல் பார்க் சிக்னலில் நின்றால் வெறும் காற்றுதான் வரும். கேஜ் மாட்டியதும் ஹை சைடு 300-ஐத் தாண்டியது. கண்டன்சர் தகடுகளுக்கு நடுவே பூச்சி, சருகு, ஓஎம்ஆர் மெட்ரோ வேலையின் புழுதி எல்லாம் அப்பிக் கிடந்தன. என்ஜின் ஆறிய பிறகு சாதாரண ஹோஸில் நிதானமாகக் கழுவினேன் (வாட்டர் வாஷ் கன்னைக் கிட்டே பிடித்தால் தகடுகள் மடங்கிவிடும்). முள் இறங்கிவிட்டது. கேஸே ஏற்றாமல் சிக்னலில் கூலிங் வந்த அந்தச் சந்தோஷம் எனக்கு இன்னும் குறையவில்லை. கழுவியும் இறங்காவிட்டால் கண்டன்சர் ஃபேன் முழு வேகத்தில் சுற்றுகிறதா என்று பாருங்கள்.

ஏசி குழாய்களுக்குள் இருக்கும் காற்றை உறிஞ்சி எடுக்கும் வேக்குவம் பம்ப் மீது எனக்குக் குறையே இல்லை. கடல் காற்றில் அரித்த ஒரு பைப் ஜாயிண்ட் வழியாக கேஸ் மொத்தமும் கசிந்துபோனபோதுதான் அதற்கு வேலை வந்தது. ஜாயிண்டைச் சரிசெய்து, பம்பை முக்கால் மணி நேரம் ஓடவிட்டு, வால்வை மூடி அரை மணி நேரம் முள்ளைப் பார்த்தேன், அசையவில்லை, அதாவது கசிவு இல்லை. கேஜில் 30 அங்குலத்துக்கு (பாதரச அளவு) அருகே வேக்குவம் போனால், உள்ளே புகுந்த ஈரம் நம் ஊர் வெப்பத்திலேயே கொதித்து ஆவியாகி வெளியேறிவிடும். பிறகு கேஸ் டின்னைச் சமையலறைத் தராசில் நிமிர்த்தி வைத்து, பானெட் ஸ்டிக்கரில் போட்டிருக்கும் கிராம் கணக்குப்படி லோ சைடில் ஏற்றினேன். ஹை சைடு வால்வு மூடியே இருக்க வேண்டும். திறந்தால் அந்த அழுத்தம் டின்னுக்குள் பாய்ந்து டின் வெடிக்கலாம். கண்ணாடி, கையுறை இல்லாமல் தொடாதீர்கள். இந்த கேஸ் மைனஸ் 26 டிகிரியிலேயே கொதிப்பது, வெளியே வந்து மேலே பட்டால் தோலை உறையவைத்துப் புண்ணாக்கிவிடும்.

இனி என் கோபம். கேஜ் ஹோஸை வண்டியின் ஏசி குழாயில் மாட்டும் லோ சைடு கப்ளர்! ஒவ்வொரு முறை கழற்றும்போதும் புஸ்ஸென்று கேஸ் போகிறது. ஜி.பி. ரோட்டில் ஏசிக்கென்றே வரும் பச்சை ஓ-ரிங் வாங்கிப் போட்டேன். கொஞ்ச நாள் ஒழுங்காக இருந்தது, மறுபடி அதே கதை. சின்ன வண்டியில் இருக்கும் கேஸே அரைக் கிலோ அளவுதான். குறைகிறதா என்று பார்க்க மாட்டிய கருவியே குறைத்துவிட்டுப் போனால் என்ன அர்த்தம்? அதுவும் கரியமில வாயுவைவிட ஆயிரம் மடங்குக்கு மேல் பூமியைச் சூடாக்கும் கேஸ் இது. பித்தளைக்கு இவ்வளவு பாலிஷ் போடத் தெரிந்தவர்களுக்கு ஒரு நல்ல ரப்பர் வளையம் போட மனம் வரவில்லை. ஒவ்வொரு தடவையும் வயிறு எரிகிறது.

ஆக, வாங்கலாமா? ஒரே ஒரு கார் வைத்திருப்பவர் வாங்க வேண்டாம். வெளியே மூன்று நான்கு தடவை கேஸ் போடும் காசை இதில் முடக்குவது வீண். கண்டன்சரைக் கழுவுங்கள், ஃபேனைப் பாருங்கள். அதற்கும் மேல் போனால், வேக்குவம் போட்டு எடை பார்த்து ஏற்றும் கடையாகத் தேடிப் போங்கள்.

என்னுடையதை விலைக்குக் கேட்டால் தர மாட்டேன். இரவலாகத் தருகிறேன், கப்ளரை மட்டும் நானே வந்து மாட்டிக் கழற்றுவேன்.