முதலை வாயா, பெட்டியா?

கார் கூரைமேல் பொருத்தும் கெட்டி மூடிக் கூடாரத்தைக் குறைந்த விலையில் தேடினால், இரண்டு வகை கண்ணில் படும். ஒன்று, முதலை வாயைப் பிளப்பதுபோல் ஒரு பக்கம் மட்டும் திறப்பது. மற்றது, நாலு மூலையும் நேராக எழும் பெட்டி.

என் ஓட்டு முதலைக்குத்தான். கொக்கியைக் கழற்றி ஒரு தள்ளு. மிச்சத்தை கேஸ் ஸ்ட்ரட், அதாவது வாயு அழுத்தத்தால் மூடியைத் தூக்கும் தண்டு, பார்த்துக்கொள்ளும். கீல் பக்கம் காற்று வரும் திசையைப் பார்க்கும்படி வண்டியை நிறுத்தினால் துணி படபடக்காது. என்ன, கால்மாட்டில் புரளும்போது முழங்கால் இடிக்கும். பெட்டியில் இருவரும் நிமிர்ந்து உட்காரலாம். ஆனால் மூடும்போது நாலு பக்கத் துணியையும் உள்ளே திணிக்க வேண்டும். மழை விட்ட காலையில் செய்து பாருங்கள், தெரியும்.

எதுவானாலும் எடை பெரும்பாலும் 60 கிலோவுக்குக் குறையாது. வண்டி ஓடும்போது கூரை எவ்வளவு தாங்கும் என்று கையேட்டில் பாருங்கள். கூடாரத்தைக் கூரையில் பொருத்த உதவும் ரேக்கின் எடையும் அதற்குள்தான் அடங்க வேண்டும்.