6 வருஷம் பிரீமியம் கட்டி ஒரே ஒரு தடவை வெள்ள கிளெய்ம் வாங்கினவனோட அனுபவம்

போன வாரம் ஃப்ரெண்ட் ஒருத்தன் போன் பண்ணி, "நீ வெள்ளத்துக்கு கிளெய்ம் வாங்கினியே, நானும் கடைக்கு இன்சூரன்ஸ் போடலாமாடா, சுருக்கமா சொல்லு"ன்னான். முக்கால் மணி நேரம் பேசினேன், அதுல பாதி திட்டு. அந்த திட்டை கொஞ்சம் வடிகட்டி எழுதறேன்.

பிரிண்டிங், பைண்டிங் தான் நம்ம தொழில். தண்ணி முட்டி வரைக்கும் தான் வந்துச்சு, ஆனா பேப்பர் பண்டலுக்கு அது போதும். அடியில இருக்கற ரெண்டு வரிசை தண்ணி குடிச்சு ஊதி, மேல காய்ஞ்சு கிடந்ததையும் சேத்து சாய்ச்சு விட்ருச்சு.

நஷ்டத்தை மதிப்பு போட இன்சூரன்ஸ் கம்பெனி அனுப்பற சர்வேயர் ரெண்டாவது நாளே வந்துட்டார், அதை ஒத்துக்கணும். வந்ததும் முதல் கேள்வி, "தண்ணி வாசல் வழியா வந்துச்சா, இல்ல டிரெயினேஜ்ல இருந்து மேல ஏறுச்சா?" எந்த வழியா வந்தா என்ன சார், நனைஞ்சது நனைஞ்சது தானேன்னு தோணுச்சு. அப்புறம் தான் தெரிஞ்சுது, சில பாலிசியில சாக்கடை எதிர்த்துக்கிட்டு வந்த தண்ணிக்கு கவர் கிடையாதாம். நல்லவேளை ஷட்டர்ல வெளிப்பக்கம் சேத்துக்கோடு அப்படியே இருந்துச்சு. டேப் வெச்சு அளந்து போட்டோ எடுத்துக்கிட்டார். முந்தின நாள் அதை கழுவி விட நான் பக்கெட்டோட நின்னவன், கடைப் பையன் தான் "இருங்கண்ணே, வந்து பாக்கட்டும்"னான்.

இதுவரைக்கும் சந்தோஷம். இனிமே தான் என் வயித்தெரிச்சல், பேரு ஆவரேஜ். கடையில 100 ரூபா சரக்கு இருக்கு, நீங்க 60 ரூபாய்க்கு தான் இன்சூர் பண்ணிருக்கீங்கன்னு வைங்க. 40 ரூபா சரக்கு போச்சுன்னா, 60க்குள்ள தானே இருக்கு, முழுசா வரும்னு தானே நினைப்பீங்க? நானும் அப்படித்தான் நினைச்சேன். வராது. 100க்கு 60 தானே போட்ட, அப்ப மீதிக்கு நீயே இன்சூரன்ஸ் கம்பெனின்னு சொல்லி 40ல 60 சதவீதம், 24 தான் கணக்கு. அதுலயும் எக்ஸஸ்னு ஒண்ணு, அதாவது கிளெய்ம்ல நாமளே ஏத்துக்க வேண்டிய பங்கு, கழியும். நனைஞ்ச பேப்பர் வேஸ்ட்டுக்கு என்ன விலை போகும்னு பாத்து அதை நஷ்டத்துல இருந்து முன்னாடியே கழிச்சிருப்பாங்க.

தப்பு யார் மேலன்னா என் மேலயும் தான். முதல் வருஷம் போட்ட தொகையையே வருஷா வருஷம் மாத்தாம புதுப்பிச்சேன், நடுவுல பேப்பர் விலையும் ஏறுச்சு, சரக்கும் கூடுச்சு. விதி பாலிசியிலயே இருக்கு, படிக்காதது நான். ஆனா பிரீமியம் தேதிக்கு முன்னாடி மூணு தடவை மெசேஜ் அனுப்பத் தெரிஞ்சவங்களுக்கு, "இப்ப சரக்கு எவ்ளோ இருக்கு"ன்னு ஒரு தடவை கேக்க முடியாதா? 6 வருஷத்துல ஒருத்தர் கேக்கல, கிளெய்ம் அன்னைக்கு கரெக்டா எண்ணிப் பாத்தாங்க. இப்ப நினைச்சாலும் பத்திக்கிட்டு வருது.

அப்புறம் கடை 3 வாரம் மூடிக் கிடந்ததே, அந்த வருமானம்? அதுக்கு பிசினஸ் இன்டரப்ஷன்னு தனியா கவர் போட்டிருக்கணும். ஸ்டாக் லெட்ஜரும் நனைஞ்சு போச்சு, சப்ளையர்கிட்ட பில் காப்பி வாங்கித் தான் எவ்ளோ சரக்கு இருந்துச்சுன்னு நிரூபிச்சேன். அது ஒரு தனி அலைச்சல்.

இத்தனைக்கும் வந்த பணத்துல தான் மெஷின் மோட்டரை ரிப்பேர் பண்ணி முதல் லோடு பேப்பர் எடுத்தேன். அந்தப் பணம் இல்லன்னா வட்டிக்கு தான் ஓடியிருப்பேன், அதையும் மறைக்கக் கூடாது. ஆனா ஃப்ரெண்டுகிட்ட கடைசியா என்ன சொன்னேன்னா, "போடாதடா, அந்தக் காசுல முட்டிக்கு மேல உயரமா ஒரு ரேக் அடிச்சுக்கோ"ன்னு. கோவத்துல வந்த வார்த்தை.

நேத்து என் பாலிசியை புதுப்பிச்சேன். ரேக்கும் அடிச்சாச்சு. ஆன்லைன்ல ஃபார்மை திறந்தா சரக்கு மதிப்புங்கற கட்டத்துல அதே பழைய தொகை தானா வந்து நிக்குது.