மூன்று இரவு வாடகை கட்டிவிட்டு நாயோடு கேட்டுக்கு வெளியே நின்றோம்: கவனம்

நேற்று ராத்திரிதான் வீடு வந்து சேர்ந்தோம். கோபம் இன்னும் அடங்கவில்லை, அதே சூட்டில் எழுதுகிறேன். நாயைக் கூட்டிக்கொண்டு கடற்கரை ஊருக்குப் போக நினைக்கிறவர்கள் தயவுசெய்து முழுசாகப் படியுங்கள்.

தங்கும் வீடுகளை வாடகைக்குப் பிடித்துத் தரும் ஒரு செயலி. அதில் கடலைப் பார்த்தபடி ஒரு வீடு, "செல்லப்பிராணிகளுக்கு அனுமதி உண்டு" என்று போட்டிருந்தது. மூன்று இரவு வாடகையையும் முன்னாலேயே கட்ட வேண்டும், நாய்க்குத் தனிக் கட்டணம் வேறு.

எங்கள் நாய் மணி 28 கிலோ. அதனால் தயங்கி, பணம் கட்டுவதற்கு முன் வீட்டுக்காரருக்கே போன் செய்தேன். எடையைச் சொன்னேன். "அதனால என்னம்மா, கூட்டிட்டு வாங்க. பேரு என்ன?" என்று கேட்டார். மணி என்றேன். "எங்க வீட்லயும் ஒண்ணு இருந்துச்சு, பதினாலு வருஷம்" என்று சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு திண்ணையில் ஒரு தண்ணீர்க் கிண்ணம் வைத்து, அதைப் படம் எடுத்து அனுப்பினார். "மணிக்காக" என்று கீழே எழுதியிருந்தார். அந்தக் கிண்ணத்தைப் பார்த்துத்தான் பணம் கட்டினேன். நாய் வளர்த்தவர் ஏமாற்ற மாட்டார் என்று நம்பிவிட்டேன்.

ஐந்து மணி நேரப் பயணம். நானும் தங்கையும் போய் இறங்கியபோது உச்சி வெயில். காவலாளி கேட்டைத் திறக்கவே இல்லை. "இவ்ளோ பெரிய நாயை விட வேண்டாம்னு சொல்லியிருக்காங்க மேடம். வேணும்னா பின்னாடி ஷெட்ல கட்டுங்க." ஷெட் என்றால் தகரக் கூரை, சுற்றிலும் நிழல் கிடையாது. நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது, மூச்சிரைத்துத்தான் சூட்டைத் தணிக்க வேண்டும். அந்தத் தகரத்துக்கு அடியில் யார் கட்டுவார்கள்? வீட்டுக்காரருக்குப் பதினோரு தடவை போன் அடித்தேன். எடுக்கவில்லை.

காரிலேயே விட்டுவிட்டு வேறு இடம் தேடவும் முடியாது. நிறுத்திய காருக்குள் 10 நிமிடத்தில் 10 டிகிரி செல்சியஸ் வரை ஏறிவிடும், கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி வைத்தாலும் பெரிய வித்தியாசம் இருக்காது. நான் ஏசியைப் போட்டு அவனோடு காரில் உட்கார்ந்தேன், தங்கை விடுதி விடுதியாக நடந்தாள். எங்கேயும் நாயைச் சேர்க்கவில்லை. அன்று ராத்திரியைக் காரிலேயே கழித்துவிட்டு மறுநாள் திரும்பினோம். காரிலிருந்து கேட் வரை அந்தச் சிமெண்டுத் தரையில் நடந்ததற்கே மணியின் முன்னங்கால் பாதத்தில் தோல் உரிந்து சிவந்திருக்கிறது.

அப்புறம் ஆரம்பித்தது அலைக்கழிப்பு. செயலியின் உதவி மையத்தில் "வீட்டு உரிமையாளரிடம் பேசுங்கள்" என்றார்கள். ஒருவழியாக உரிமையாளர் போனை எடுத்து, "பணம் செயலிகிட்டதாம்மா இருக்கு" என்று வைத்துவிட்டார். மறுபடி செயலிக்கு எழுதினால், "விருந்தினர் வரவில்லை என்று பதிவாகியுள்ளது, பணம் திரும்பத் தர இயலாது" என்று பதில். வரவில்லையா? பூட்டிய கேட்டுக்கு முன்னால் நேரத்தோடு எடுத்த படம் இருக்கிறது, அனுப்பினேன். "உங்கள் கருத்துக்கு நன்றி" என்று வந்தது. மூன்று இரவு வாடகை! ஒரு நிமிடம்கூட உள்ளே கால் வைக்கவில்லை. மூன்று இரவு வாடகையும் போச்சு, நாய்க்கென்று கட்டியதும் போச்சு. போனில் சொன்னது கணக்கில் வராதாம், செயலியின் உரையாடலில் எழுதியது மட்டும்தான் சாட்சியாம். கிண்ணத்தின் படமும் செயலிக்கு வெளியே வந்ததால் செல்லாதாம்.

என்னென்ன பார்க்க வேண்டும் என்று விவரமாக எழுத நினைத்தேன், இப்போது மனசு ஓடவில்லை. நாயின் எடையையும் இனத்தையும் செயலிக்குள்ளேயே எழுதிக் கேளுங்கள், பதிலும் அங்கேயே வரட்டும். முழு வாடகையையும் முன்னால் கட்டாதீர்கள். நாய் வீட்டுக்குள் படுக்கலாமா என்று தனியாகக் கேளுங்கள், "அனுமதி" என்பதற்கு ஷெட் என்றும் அர்த்தம் வைத்திருக்கிறார்கள். தரையில் புறங்கையை வைத்துப் பாருங்கள், நமக்குச் சுட்டால் அதற்கும் சுடும். குடிக்க நல்ல தண்ணீர் கையோடு இருக்கட்டும், கடல் தண்ணீரைக் குடித்தால் வாந்தியும் பேதியும் வரும். மணி கடலைப் பார்க்கவே இல்லை, அது வேறு விஷயம்.

நாளைக்குக் காலையில் பாதத்தைக் காட்ட மருத்துவரிடம் போகிறோம். வந்ததும் அந்தச் செயலிக்கு ஐந்தாவது புகார் எழுத வேண்டும்.