ஒன்றரை ஏக்கர் தோப்புக்கு எந்தப் புல்வெட்டும் மெஷின்?

ஐப்பசி மழை ரெண்டு தரம் நன்றாகப் பிடித்தால் போதும், எங்கள் தோப்பில் புல் முழங்காலைத் தாண்டிவிடும். விழுந்த தேங்காய் கண்ணில் படாது. சொட்டுநீர்க் குழாய் எந்த இடத்தில் அடைத்திருக்கிறது என்று தெரியாது. காலடியில் கண்ணாடி விரியன் சுருண்டு கிடந்தாலும் தெரியாது, அதுதான் பெரிய பயம். பொள்ளாச்சிக்குத் தெற்கே ஒன்றரை ஏக்கர், இருபத்தைந்தடி இடைவெளியில் நூறு தென்னை, வரப்போரம் கொஞ்சம் வாழை, வீட்டைச் சுற்றிப் பத்து சென்ட் வெற்றிடம். ஏழு வருடத்தில் மூன்று மெஷின் வாங்கி, இரண்டு வகையை வாடகைக்கு எடுத்து ஓட்டிப் பார்த்துவிட்டேன். அதே அளவு நிலம் வைத்திருப்பவர்களுக்கு உதவும் என்பதால் எழுதுகிறேன்.

வெட்டுவதா, கிளறுவதா

மெஷினைப் பற்றிப் பேசுமுன் இதை முடிவு செய்ய வேண்டும். பவர் வீடரும் டிராக்டர் ரோட்டவேட்டரும் மண்ணைக் கிளறிப் புல்லை வேரோடு புரட்டுகிற சாமான்கள். பிரஷ் கட்டர் மண்ணைத் தொடாமல் புல்லை மட்டும் அறுக்கிறது. கடையில் எல்லாவற்றையும் ‘களை மெஷின்’ என்று ஒரே பெயரில் காட்டுவார்கள். செய்கிற வேலை வேறு வேறு.

முதல் மூன்று வருடம் நானும் ரோட்டவேட்டர்தான் விட்டேன். ஓட்டி முடித்த அன்று தோப்பு சுத்தமாக, சிவப்பாக, பார்க்க அழகாக இருக்கும். இருபதாம் நாள் கோரை முன்பைவிட அடர்த்தியாக வரும். கோரைக்கு மண்ணுக்குள் சங்கிலி மாதிரி கிழங்கு கோத்திருக்கும். கத்தி அதைத் துண்டு துண்டாக நறுக்கித் தோப்பு முழுக்க இறைத்துவிடுகிறது, ஒவ்வொரு துண்டும் முளைக்கிறது. காசு கொடுத்து நானே கோரை விதைத்திருக்கிறேன். அதோடு தென்னையின் வேரில் பெரும்பங்கு மரத்தைச் சுற்றி ஆறேழு அடிக்குள்தான் பரவியிருக்கிறது. வட்டப்பாத்தி ஓரம் வரை ரோட்டவேட்டரை ஓட்டினால் உணவெடுக்கும் சல்லிவேர்கள் அறுபடும். மரவரிசையோடு ஓடும் சொட்டுநீர்க் கிளைக்குழாயை (லேட்டரல்) ஒவ்வொரு தடவையும் சுருட்டி, மறுபடி விரிப்பது தனி வேலை.

அறுத்தால் வேர் மண்ணிலேயே இருக்கும். மழையில் மண் கரைந்து ஓடாது. அறுத்த புல்லை மட்டையோடு சேர்த்து வட்டப்பாத்தியில் போட்டால் அதுவே மூடாக்கு. சித்திரை வெயிலில் அந்த மூடாக்கைக் கையால் விலக்கிப் பாருங்கள், அடியில் மண் ஈரமாக, மண்புழுவோடு இருக்கும். அதைப் பார்த்த பிறகு நான் கிளறுகிற பக்கம் போகவில்லை. காய்கறி, கரும்பு, மஞ்சள் என்று வரிசைப் பயிர் வைப்பவர்களுக்குப் பவர் வீடர் அருமையான சாமான், மறுக்கவில்லை. தோப்புக்கும் வீட்டு நிலத்துக்கும் பிரஷ் கட்டர்தான் என்பது என் தீர்மானம். இனி அதற்குள் எது என்று பார்ப்போம்.

டூ ஸ்ட்ரோக்கா, ஃபோர் ஸ்ட்ரோக்கா

நிஜமான போட்டி இங்கேதான்.

டூ ஸ்ட்ரோக் எடை குறைவு, ஆக்சிலேட்டரை அழுத்தினால் சட்டென்று வேகம் எடுக்கும். உன்னி முள், சீமைக்கருவேலங்கன்று, தடித்த தண்டுள்ள புதர் என்றால் அந்த வேகம் கைகொடுக்கும். ஆனால் பெட்ரோலில் ஆயில் கலந்துதான் ஊற்ற வேண்டும். நல்ல ஆயிலாக இருந்து, மெஷினும் 50:1 கேட்டால் லிட்டருக்கு 20 மில்லி. 25:1 கேட்கிற மெஷினுக்கு 40 மில்லி. இது மெஷினோடு வரும் புத்தகத்தில் இருக்கும், கடைக்காரர் வாய்க்கணக்கை நம்ப வேண்டாம். ஒரு தடவை நான் ஊரில் இல்லாதபோது, வேலைக்கு வந்தவர் பைக்குக்கு ஊற்றுகிற பெட்ரோலையே அப்படியே ஊற்றி ஓட்டிவிட்டார். அரை மணி நேரத்தில் பிஸ்டன் பிடித்துக்கொண்டது. அவரைச் சொல்லிக் குற்றமில்லை, கேனில் நான் எழுதி வைத்திருக்க வேண்டும்.

ஃபோர் ஸ்ட்ரோக்கில் கலக்கிற வேலை இல்லை. எங்கள் பக்கம் அதிகம் ஓடுவது ஹோண்டாவின் 35.8 சிசி ஜிஎக்ஸ்35 இன்ஜின் வைத்த மெஷின். எப்படிச் சாய்த்துப் பிடித்தாலும் ஓடும், அதனால் வரப்புச் சரிவிலும் தொல்லை இல்லை. சத்தம் தணிவு, புகை குறைவு, அதே வேலைக்குப் பெட்ரோலும் கம்மி. என் அனுபவத்தில் முக்கால் டேங்க்கில் பத்துப் பன்னிரண்டு மரத்தின் இடைவெளியை முடித்துவிடலாம். இதன் பலவீனம் என்னவென்றால், உள்ளே கொள்ளும் ஆயில் 100 மில்லிதான், ஒரு சின்ன டீ கிளாஸ் அளவு. இவ்வளவு கொஞ்சமாக இருப்பதால், குறைந்தாலும் கறுத்தாலும் இன்ஜின் உடனே அடி வாங்கும். புது மெஷினில் முதல் 10 மணி நேரத்தில் ஒரு மாற்று, பிறகு 50 மணி நேரத்துக்கு ஒன்று. நான் மோட்டார் ரூம் சுவரில் கரியால் கோடு போட்டுக் கணக்கு வைக்கிறேன்.

என் தேர்வு ஃபோர் ஸ்ட்ரோக். நம் தோப்பில் பெரும்பாலும் புல்தான், புதர் இல்லை. மெஷினைப் பிடிப்பவர் ஒவ்வொரு தடவையும் வேறு ஆளாக இருந்தால், கலக்கத் தேவையில்லாத எரிபொருள் பெரிய பாதுகாப்பு. முள் மண்டிக் கிடக்கும் தரிசை முதல் தடவை சுத்தம் செய்கிறீர்கள் என்றால் மட்டும் 40 சிசி பக்கம் இருக்கிற டூ ஸ்ட்ரோக்கை எடுங்கள், அதையும் வாடகைக்கு எடுத்தால் போதும்.

தோளிலா, முதுகிலா

சைடு பேக் என்றால் மெஷின் ஒரே நேர்க்குழாய், தோளில் பட்டை மாட்டி வலது இடுப்போரம் தொங்கும். பேக் பேக் என்றால் இன்ஜின் முதுகில், அங்கிருந்து வளையும் ஷாஃப்ட் கைக்குழாய்க்கு வரும். தேயிலைச் சரிவு, வாய்க்கால் கரை, உயர வரப்பு உள்ளவர்களுக்கு முதுகு மெஷின் நல்லது, கை எந்தப் பக்கமும் திரும்பும். சமதளத் தோப்பில் அது தேவையில்லை. எடை கூட, முதுகில் சூடு, வளையும் ஷாஃப்ட்டுக்கு அடிக்கடி கிரீஸ், ஆபத்தென்றால் சட்டென்று கழற்றிப் போடவும் முடியாது. சைடு பேக்கில் ஒன்றே ஒன்றில் கஞ்சத்தனம் வேண்டாம்: ஒற்றைத் தோள் பட்டையைத் தூக்கிப் போட்டுவிட்டு, இரண்டு தோளும் இடுப்பும் சேர்த்துத் தாங்குகிற ஹார்னஸ் வாங்குங்கள். அது வந்த பிறகு எனக்கு மாலையில் இடுப்பு வலி பாதியாகக் குறைந்தது.

பேட்டரி, தள்ளுவண்டி, ஆடு

பேட்டரி மெஷினை வீட்டு வாசலுக்காக வாங்கினேன். அதை இப்போது என் மனைவிதான் ஓட்டுகிறார். கயிறு இழுக்க வேண்டாம், சத்தம் இல்லை, காலையில் குழந்தை தூங்கும்போதே முடித்துவிடலாம். மெல்லிய புல்லுக்கு ஒரு சார்ஜில் அரை மணி நேரம் ஓடுகிறது, பத்து சென்ட்டுக்கு அது போதும். தோப்புக்கு அதைக் கொண்டுபோனால் நாலாவது மரத்தில் நின்றுவிடும்.

நாலு சக்கரத் தள்ளுவண்டி, அதாவது லான் மோவர், சமமான புல்தரைக்கு உரியது. 1830-ல் இங்கிலாந்தின் ஸ்ட்ரவுட் ஊரில் எட்வின் பட்டிங் என்பவர், துணி ஆலையில் கம்பளித் துணியின் மயிரைச் சீவும் மெஷினைப் பார்த்து உண்டாக்கியது அது. கல்லும் மட்டையும் குரும்பையும் கிடக்கிற நம் நிலத்தில் ஒரே நாளில் பிளேடு வளைந்துவிடும்.

ஆடு கட்டுவது நல்ல யோசனை, நானும் இரண்டு வைத்திருக்கிறேன். ஆனால் பார்த்தீனியத்தை அது ஒதுக்கிவிடும், வாழையையும் தென்னங்கன்றையும் ஒதுக்காது.

மலிவு மெஷின் பற்றி மச்சானிடம் சொன்னது

போன மாதம் உடுமலையிலிருந்து மச்சான் போன் செய்தார். “ஏன் மாப்ளே, ஆன்லைன்ல பத்தாயிரத்துக்குள்ள கெடைக்குது. நீ அதுமாதிரி மூணு மடங்கு போட்டு எதுக்கு வாங்குன?”

“மச்சான், என்னோட மொத மெஷினே அந்த வகைதானுங்க” என்றேன்.

பெயர் தெரியாத அந்த மெஷின் முதல் சீசன் நன்றாகவே ஓடியது. இரண்டாவது சீசனில் அடியில் பிளேடு மாட்டும் கியர் ஹெட்டில் பேரிங் போய்விட்டது. சின்ன சாமான்தானே என்று எடுத்துக்கொண்டு மூன்று கடை ஏறினேன். குழாயின் விட்டம் 26 மில்லிமீட்டரா 28-ஆ, ஷாஃப்ட் முனையில் பல் ஏழா ஒன்பதா என்று கேட்டார்கள். ஏழு பல் எந்தக் கடையிலும் இல்லை. விற்றவர் போனை எடுக்கவில்லை. அந்த மெஷின் இன்றும் மாட்டுக் கொட்டகைப் பரணில் கிடக்கிறது. அதனால் கடைக்குப் போனதும் விலையைக் கேட்குமுன் நான் கேட்கச் சொல்வது: இதற்குக் கியர் ஹெட், கார்புரேட்டர், கிளட்ச் உங்களிடம் இப்போது இருக்கிறதா? எடுத்து மேசையில் வைக்கச் சொல்லுங்கள். உங்கள் ஊரிலிருந்து பஸ்ஸில் போய் வரும் தூரத்தில் உதிரிபாகம் கிடைக்கிற மெஷின்தான் உங்களுக்கு நல்ல மெஷின், பிராண்ட் எதுவானாலும்.

பணம் தடையாக இருந்தால், வேளாண்மைப் பொறியியல் துறையின் வட்டார அலுவலகத்தில் ஒருமுறை விசாரியுங்கள். வேளாண் இயந்திரமயமாக்கல் திட்டத்தில் சிறு குறு விவசாயி, பெண்கள், ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கு 50 சதவீதமும் மற்றவர்களுக்கு 40 சதவீதமும் உச்சவரம்போடு மானியம் உண்டு. எந்த மெஷினுக்கு உண்டு என்ற பட்டியலைப் பார்த்துவிட்டு வாங்குங்கள். முதலில் வாங்கிவிட்டு அப்புறம் கேட்டால் கிடைக்காது.

பிளேடும் நைலானும்

மெஷினுக்குச் செலவிடுகிற யோசனையில் பாதியாவது அடியில் மாட்டுவதற்குச் செலவிட வேண்டும். முழங்கால் புல்லுக்கு மூன்று பல் பிளேடு. தண்டு தடித்த செடிக்கு நாற்பது அல்லது எண்பது பல் வட்டம். கல், சுவர், கம்பிவேலி ஓரத்துக்கு நைலான் நரம்பு. இந்த நரம்பு வித்தை 1971-ல் அமெரிக்காவின் ஹூஸ்டனில் ஜார்ஜ் பாலஸ் என்பவருக்குத் தோன்றியது. கார் கழுவும் இடத்தில் சுழன்று துடைக்கும் பிரஷைப் பார்த்து, ஒரு தகர டப்பாவில் தூண்டில் நரம்பைக் கோத்துச் சுழலவிட்டிருக்கிறார்.

நரம்பு மெல்லியதுதானே என்று மரத்தடியில் ஓட்டாதீர்கள். இரண்டு வயது மாங்கன்று ஒன்றின் அடிப்பட்டையை நைலான் சுற்றி உரித்துவிட்டது. மேலே இலை பச்சையாகவே ஒரு மாதம் ஏமாற்றியது, பிறகு மொத்தமாகக் காய்ந்தது. தென்னங்கன்றில் பிளேடு பட்டால் அந்தக் காயத்தின் வாசனைக்குச் சிவப்புக் கூன்வண்டு தேடி வரும். கன்றைச் சுற்றி இரண்டடி கையரிவாளுக்கு விட்டுவிடுங்கள். பார்த்தீனியத்தையும் மெஷினால் அறுத்துப் பயனில்லை, அடியிலிருந்து மறுபடி துளிர்க்கும். பூ வருமுன், மண் ஈரமாக இருக்கும்போது, கையுறை போட்டுப் பிடுங்க வேண்டும்.

பாதுகாப்பை ஒரு வரியில் கடந்துபோக எனக்கு மனம் வரவில்லை. பிளேடு நிமிடத்துக்கு ஆறாயிரம் சுற்றுக்கு மேல் சுழல்கிறது. அதில் பட்ட சின்னக் கல் ஐம்பதடி தள்ளியிருந்த எங்கள் மோட்டார் ரூம் ஜன்னலை உடைத்திருக்கிறது. அந்த இடத்தில் தேங்காய் பொறுக்க ஒரு பெண்மணி ஐந்து நிமிடத்துக்கு முன் நின்றிருந்தார். முகம் முழுக்க மறைக்கும் ஃபேஸ் ஷீல்டு, காதடைப்பு, முழங்கால் வரை பூட்ஸ், இந்த மூன்றும் இல்லாமல் யாரையும் மெஷினைத் தொட நான் விடுவதில்லை. சுற்றிலும் ஐம்பதடிக்குள் ஆள் வந்தால் ஆக்சிலேட்டரை விட்டுவிட வேண்டும். அரிவாள் வீசுவது மாதிரி வலமிருந்து இடமாக வீசுங்கள். பிளேடின் முன்வலது முனை மரத்திலோ கல்லிலோ பட்டால் மெஷின் உதைத்துத் திரும்பும்.

இந்தத் தை மாதம் மெஷின் ஸ்டார்ட் ஆகவில்லை. மெக்கானிக் தம்பியிடம் கொண்டுபோனேன். கார்புரேட்டரைத் திறந்து, உள்ளே பிசின் மாதிரி ஒட்டியிருந்ததை விரல் நகத்தால் சுரண்டிக் காட்டினார். “எத்தன மாசமாங்ணா பெட்ரோல் உள்ளயே கெடக்குது?” கார்த்திகையிலிருந்து என்றேன். இப்போது பங்கில் கிடைக்கும் பெட்ரோலில் எத்தனால் கலந்திருக்கிறது, அது ஈரத்தை இழுக்கும், வைத்திருந்தால் கெட்டுவிடும். இப்போதெல்லாம் கடைசி மரத்தடி முடிந்ததும் டேங்க்கில் மிச்சமிருப்பதை பைக்குக்கு ஊற்றிவிட்டு, மெஷின் தானாக நிற்கும் வரை ஓடவிட்டு, அப்புறம்தான் ஆணியில் மாட்டுகிறேன்.